ஜப்தியா, சீசிங்கா, பறிமுதலா, மீட்பா?

கேள்வி இது: தவணை கட்டாத வண்டியை ஃபைனான்ஸ் கம்பெனி எடுத்துக்கொண்டு போவதை ஒருவர் ‘ஜப்தி’ என்கிறார், இன்னொருவர் ‘பறிமுதல்’ என்கிறார், மொழிபெயர்ப்பாளர் ‘மீட்பு’ என்று எழுதுகிறார். இவற்றில் எது சரி? தொலைந்த பொருள் திரும்பக் கிடைப்பதற்கும் இதே சொல்தானா?

இவை ஒரே செயலுக்குப் பல பெயர்கள் இல்லை. ஒவ்வொன்றும் தனிச் செயல். எந்தச் சொல் பொருந்தும் என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும்: பொருள் யாருக்குச் சொந்தம்? இப்போது யார் கையில் இருக்கிறது? எடுப்பவருக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? இதை இலக்கண விவகாரமாக மட்டும் பார்க்க முடியாது. தவறான சொல்லை நம்பியவர்கள் மறுநாள் தவறான வாசலில் போய் நிற்கிறார்கள். சிலர் எங்குமே போகாமல் பொருளை இழக்கிறார்கள்.

மீட்பிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் பழைய சொல் அது. ‘மீள்’ என்றால் திரும்பி வருதல், ‘மீட்டல்’ என்றால் திரும்பி வரச் செய்தல். சங்ககாலப் போர்முறையில் பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி. கவர்ந்து போனதைப் பின்தொடர்ந்து மீட்பதைப் புறப்பொருள் வெண்பாமாலை கரந்தை என்று தனித் திணையாகவே வைக்கிறது. தொல்காப்பியம் கரந்தையை வெட்சிக்குள் அடக்கினாலும் இரண்டு செயலையும் ஒன்றாகக் குழப்பவில்லை. தருமபுரி, செங்கம் பகுதி நடுகற்களில் ‘தொறுக் கொண்ட’ ஒருவன் இருப்பான், ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்று இன்னொருவன் இருப்பான். தொறு என்றால் மாட்டு மந்தை. எடுப்பதற்குக் ‘கொள்’, தன்னுடையதைத் திரும்ப எடுப்பதற்கு ‘மீட்டல்’ என்ற பிரிவு கல்லிலேயே வெட்டியிருக்கிறது. ஆக, மீட்பு என்ற சொல்லுக்குள் ஒரு தீர்ப்பும் அடங்கியிருக்கிறது: எடுத்தவருக்கே அது உரியது. ஃபைனான்ஸ் கம்பெனி வண்டியை ‘மீட்டது’ என்று எழுதினால், வண்டி அவர்களுடையதுதான் என்று எழுதியவர் முடிவு கட்டிவிட்டார் என்று பொருள். பெரும்பாலும் அந்த முடிவு தவறு. காரணம் கீழே வரும்.

மீட்பு இன்றும் மிகச் சரியாகப் பொருந்தும் இடம் அடகுக் கடை. பேச்சில் ‘நகையைத் திருப்பணும்’ என்பார்கள், எழுத்தில் ‘மீட்பது’. இலங்கைத் தமிழில் அடகுக்கு ‘அடைவு’ என்ற சொல் உண்டு. நகை வைத்தவருக்குச் சொந்தம், கடைக்காரர் கையில் இருக்கிறது, அசலும் வட்டியும் கட்டினால் திரும்பி வரும். குழப்பமே இல்லை. ஆபத்து இதற்கு அடுத்த சொல்லில் இருக்கிறது. கெடு தாண்டிவிட்டால் ‘நகை மூழ்கிப்போச்சு’ என்று சொல்லிவிடுகிறோம். கிணற்றில் விழுந்ததுபோல, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அந்தச் சொல் நம்மை நம்பவைக்கிறது. சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 177ஆம் பிரிவின்படி, கெடு தவறினாலும் பொருள் உண்மையில் விற்கப்படும் நொடிவரை, தவறியதால் ஏற்பட்ட செலவையும் சேர்த்துக் கொடுத்து மீட்கலாம். 176ஆம் பிரிவின்படி, விற்பதற்கு முன் நியாயமான முன்னறிவிப்பு தரவேண்டும். விற்ற பணம் கடனைவிடக் கூடுதலாக இருந்தால் மிச்சம் அடகு வைத்தவருக்குச் சேரும்.

மூழ்கிப்போச்சு என்று வீட்டில் உட்கார்ந்துவிடுபவர் இழப்பது நகையை மட்டுமல்ல, அந்த மிச்சப் பணத்தையும் சேர்த்துத்தான். தங்கம் விலை ஏறிய காலத்தில் இது சின்னத் தொகை இல்லை. மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய கடன் அன்றைய விலையில் கணக்கிட்டது, ஏலம் போவது இன்றைய விலையில். எனவே கெடு தாண்டியது தெரிந்தவுடன் கேட்கவேண்டிய கேள்விகள் இவை: விற்றாயிற்றா? என்று, என்ன விலைக்கு? என் கணக்கில் எவ்வளவு கழித்தீர்கள்? ஏலக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். கடன் முழுதும் அடைத்தவருக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நகைக்கடன் விதிகள் வங்கிகளுக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கும் பொருந்தும். பணம் கட்டிய அன்றே, தவறினால் அதிகபட்சம் 7 வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பித் தரவேண்டும் என்றும், தாமதம் அவர்கள் பக்கம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தரவேண்டும் என்றும் அவை சொல்கின்றன.

இனி வண்டி. தெருவில் இதற்குப் பெயர் ‘சீசிங்’, செய்கிறவர் ‘சீசிங் பார்ட்டி’, கொண்டுபோய் நிறுத்தும் இடம் ‘யார்டு’. ‘டியூ கட்டலன்னு வண்டியைத் தூக்கிட்டாங்க’ என்பதே மக்கள் வழக்கு. அகராதித் தமிழைவிட இந்தத் ‘தூக்கிட்டாங்க’ நேர்மையான சொல் என்பேன், ஏனென்றால் உரிமை யாருக்கு என்று அது எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை.

வண்டிக் கடனில் இரண்டு வகை உண்டு. பழைய வாடகைக் கொள்முதல் ஒப்பந்தத்தில், கடைசித் தவணை கட்டும்வரை வண்டி ஃபைனான்ஸ்காரருக்கே சொந்தம். ஓட்டுபவர் வாடகைதாரர் மாதிரி. அங்கே அவர் எடுத்தால் ‘மீட்டார்’ என்ற சொல் ஓரளவு பொருந்தும். இதற்கென்று 1972இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். நடைமுறைக்கே வராமல் 2005இல் அதை நீக்கியும்விட்டார்கள். இன்று பரவலாக இருப்பது ஹைப்பாதிகேஷன். ஆர்.சி. புத்தகத்தில் ‘எச்.பி.’ என்று பொதுவாகச் சொல்லும் பதிவு பெரும்பாலும் இதுதான். இதில் வண்டி வாங்கியவருக்கே சொந்தம், வாங்கியவர் கையிலேயே இருக்கிறது, கடன் கொடுத்தவருக்கு அதன்மேல் ஒரு பிடி மட்டும் உண்டு. சொந்தமில்லாததை எப்படி ‘மீட்பது’? அதனால் இங்கே பொருந்தும் எழுத்துச் சொல் ‘கைப்பற்றுதல்’ அல்லது ‘வசப்படுத்துதல்’. அதிகாரம் வருவது ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு பத்தியிலிருந்து. நீதிமன்றத்திலிருந்தும் இல்லை, காவல்துறையிலிருந்தும் இல்லை.

இந்த வேறுபாடுதான் சாலையோரத்தில் உதவும். வண்டியை மறித்து நிற்பவர் ‘ஜப்தி ஆர்டர் இருக்கு’ என்றால், எந்த நீதிமன்றம், என்ன எண், யார் பெயரில் என்று கேளுங்கள். உண்மையிலேயே ஆணை இருக்கவும் கூடும். சில நிறுவனங்கள் நடுவர் தீர்ப்பு முறையில், அதாவது ஆர்பிட்ரேஷனில், இடைக்கால ஆணை வாங்கிக்கொண்டு வருவதுண்டு. அப்படியானால் அதன் நகலைக் காட்டியே ஆகவேண்டும். ஆணை இல்லை, ஒப்பந்தம்தான் என்றால், அவர் கையில் நிறுவனத்தின் அங்கீகாரக் கடிதமும் அடையாள அட்டையும் இருக்கவேண்டும். வண்டியை எடுக்குமுன் எவ்வளவு நாள் முன்னறிவிப்பு, எந்தச் சூழலில் முன்னறிவிப்பு தேவையில்லை, எடுக்கும் முறை என்ன, விற்குமுன் கடைசி வாய்ப்பு என்ன, திருப்பித் தரும் முறை என்ன, ஏல முறை என்ன என்பதெல்லாம் கடன் ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும் என்பது ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த நெறி. வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்று 2022இல் அறிவுறுத்தியிருக்கிறது. அடியாட்களை வைத்து வண்டியைப் பிடுங்குவதை உச்ச நீதிமன்றம் 2007இல் கடுமையாகக் கண்டித்தது.

வண்டியை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால் பொருள் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்காமல் சாவியைத் தராதீர்கள். கிலோமீட்டர் எண், டயர்களின் நிலை, ஸ்டெப்னி, பேட்டரி, ஜாக்கி, வண்டிக்குள் இருக்கும் சொந்தச் சாமான் எல்லாம் அதில் வரவேண்டும். நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தகராறு பெரும்பாலும் யார்டிலிருந்து வெளியே வரும்போதுதான் தொடங்குகிறது: பேட்டரி மாறியிருக்கும், யார்டு வாடகை நாள்கணக்கில் ஏறியிருக்கும். வெற்றுத் தாளிலும், ‘நானாகவே ஒப்படைக்கிறேன்’ என்று அச்சிட்ட கடிதத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் பிறகு முன்னறிவிப்பு வரவில்லை என்று வாதிடுவது கடினம். எடுத்துப்போன வண்டியை விற்றுவிட்டால் கடன் தீர்ந்தது என்பதும் பலரிடம் உள்ள தவறான எண்ணம். ஏலத்தொகை போதவில்லை என்றால் மீதியைக் கேட்டு நோட்டீஸ் வரும். அதனால் என்ன விலைக்குப் போனது என்ற கணக்கை இங்கேயும் கேட்டு வாங்கவேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 51ஆம் பிரிவின்படி, கைப்பற்றிய வண்டிக்கு ஃபைனான்ஸ்காரர் தன் பெயரில் புது ஆர்.சி. கேட்டு படிவம் 36 கொடுப்பார். கடன் முடித்தவர் எச்.பி. நீக்கத் தரவேண்டியது படிவம் 35. இரண்டையும் மாற்றிப் பேசி அலைபவர்கள் உண்டு.

ஜப்தி அரபுமொழியில் வேர்கொண்டு, பாரசீகமும் இந்துஸ்தானியும் வழியாக நம் நீதிமன்றக் கச்சேரிகளுக்கு வந்த சொல். இன்றைய சட்டத் தமிழ் அதைப் ‘பற்றுகை’ என்கிறது. இது பெரும்பாலும் நீதிமன்றம் செய்வது, தனியார் யாரும் தாமாகச் செய்ய முடியாது. வழக்கு நடந்து, தீர்ப்பாகி, தோற்றவர் பணம் கட்டாமல், வென்றவர் நிறைவேற்று மனு போட்டு, அதன்மேல் வரும் ஆணைதான் ஜப்தி. (தீர்ப்புக்கு முன்னாலேயே ஜப்தி செய்யும் வழியும் உண்டு. பிரதிவாதி சொத்தை விற்று ஓடிவிடுவார் என்று காட்டினால்தான் அது கிடைக்கும்.) ஆணையைக் கொண்டு வரும் நீதிமன்ற ஊழியர் அமீனா. விபத்து நட்டஈடு தராததால் அரசுப் பேருந்து ஜப்தி என்று செய்தி வருகிறதே, அங்கே அந்தச் சொல் துல்லியமானது. பேருந்து போக்குவரத்துக் கழகத்துக்கே சொந்தம், பாதிக்கப்பட்டவர் அதைத் தனதாக்கிக்கொள்ளப் போவதில்லை. பணம் வரும்வரை நீதிமன்றம் அதை நிறுத்தி வைக்கிறது, பணம் கட்டினால் விட்டுவிடும்.

இந்தச் சொல்லுடன் சில கேடயங்களும் சேர்ந்தே வருகின்றன. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவின்படி உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், உழவரின் ஏர்க்கருவியும் மாடும் விதைநெல்லும் ஜப்திக்கு உட்படாதவை. ஜீவனாம்சம் தவிர்த்த கடன்களுக்குச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடமுடியாது. 62ஆம் பிரிவின்படி சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் குடியிருக்கும் வீட்டுக்குள் இதற்காக நுழைய முடியாது. தனியார் ஆள் மாலை ஏழரைக்கு வந்து ‘ஜப்தி’ என்று டிவியைத் தூக்கினால், அவர் அந்தச் சொல்லைத் திருடிக்கொண்டு வந்திருக்கிறார். ஜப்தியான நிலம் ஏலத்தில் போன பிறகும்கூட, 60 நாட்களுக்குள் ஏல அறிவிப்பில் கண்ட தொகையையும், ஏலம் எடுத்தவருக்கு ஏலத்தொகையில் 5 சதவீதத்தையும் நீதிமன்றத்தில் கட்டினால் ஏலத்தை ரத்து செய்ய வழி இருக்கிறது. அண்ணன் கடனுக்காகத் தம்பியின் பொருளை எடுத்துவிட்டால் தம்பி தனியாக உரிமை மனு போடவேண்டும். வாய்ப்பேச்சு அமீனாவிடம் செல்லாது, வாங்கிய ரசீதைக் காட்டவேண்டும்.

வங்கி வீட்டை எடுக்கும்போது பத்திரிகை விளம்பரத்தில் வேறொரு சொல் வரும்: ‘சுவாதீன அறிவிப்பு’, சில வங்கிகளில் ‘உடைமை அறிவிப்பு’. இதையும் மக்கள் ஜப்தி என்றே சொல்கிறார்கள். ஆனால் 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டம் வங்கிக்கு நீதிமன்றம் போகாமலே இதைச் செய்ய அதிகாரம் தருகிறது. வாராக்கடன் என்று வகைப்படுத்திய பின் முதலில் 60 நாள் நோட்டீஸ். அதற்கு ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். பிறகு சுவாதீன அறிவிப்பைக் கதவில் ஒட்டி, இரண்டு நாளிதழ்களில் போடுவார்கள், ஒன்று வட்டார மொழியில். இந்தக் கட்டத்தில் எடுத்திருப்பது பெரும்பாலும் ‘குறியீட்டுச் சுவாதீனம்’ மட்டுமே. அதாவது காகிதத்தில் வங்கி கையில், வீட்டில் நீங்கள். பூட்டுப் போட்டு வெளியேற்றும் நேரடிச் சுவாதீனத்துக்குப் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமைக் குற்றவியல் நடுவரின் ஆணையோடு வருவார்கள். கதவில் ஒட்டிய தாளைப் பார்த்துவிட்டு வீடு போய்விட்டது என்று அழுதுகொண்டிருக்கும் நாட்கள்தான் மிக விலை உயர்ந்த நாட்கள். ஏனென்றால் கடன் தீர்ப்பாயத்தில் முறையிட 45 நாள்தான் கெடு, அது ஓடிக்கொண்டிருக்கும். தீர்ப்பாயம் சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. முழுப்பணம் கட்டி மீட்கும் உரிமைக்கும் ஓர் எல்லை வந்துவிட்டது. 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே கட்டிவிட வேண்டும். அடகு நகைக்கு ‘விற்கும் நொடிவரை’ என்று மேலே சொன்ன விதி வீட்டுக்குப் பொருந்தாது. விவசாய நிலத்தை இந்தச் சட்டத்தில் எடுக்க முடியாது. அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவாகப் பாக்கி இருந்தாலும் முடியாது.

பறிமுதலும் கைப்பற்றுதலும் அரசின் சொற்கள். செய்தித்தாள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. போலீஸ் ஒரு பைக்கை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால் அது கைப்பற்றுதல். இரண்டு சாட்சிகளோடு மகஜர், அதாவது கைப்பற்றியதற்கான பதிவு எழுதி, வழக்குச் சொத்தாக வைத்திருக்கிறார்கள், உரிமை மாறவில்லை. பறிமுதல் என்றால் உரிமையே அரசுக்குப் போய்விடுவது. அதற்குச் சட்டப்படி ஓர் ஆணை வேண்டும். சுங்கத்துறையில் இது தெளிவாகத் தெரியும்: முதலில் கைப்பற்றுகிறார்கள், 6 மாதத்துக்குள் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தரவேண்டும், அதன்பின் விசாரித்துத்தான் பறிமுதல் ஆணை. பறிமுதலுக்குப் பதிலாக அபராதம் கட்டி மீட்கும் வாய்ப்பைக்கூட அந்தச் சட்டம் தருகிறது.

‘வண்டி பறிமுதல் ஆயிடுச்சு’ என்று கைவிட்டவர்களின் பைக்குகள்தான் காவல் நிலைய வளாகங்களில் துருப்பிடித்துக் கிடப்பவற்றில் ஒரு பகுதி. உச்ச நீதிமன்றம் 2002இலேயே, போட்டோவும் பத்திரமும் வாங்கிக்கொண்டு வண்டிகளைச் சீக்கிரம் உரியவரிடம் விடவேண்டும், நிலையத்தில் நெடுநாள் போட்டுவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. செய்யவேண்டியது, குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் வாகனத்தை இடைக்காலமாக ஒப்படைக்கக் கோரும் மனு. ஆர்.சி., காப்பீடு, அடையாள அட்டை, எஃப்.ஐ.ஆர். நகல், பிணைப் பத்திரம் தேவைப்படும். விற்கக்கூடாது, நிறம் மாற்றக்கூடாது, அழைத்தால் கொண்டுவரவேண்டும் என்ற நிபந்தனைகள் இருக்கும். காப்பீடு காலாவதியாகியிருந்தால் மனு அங்கேயே தடுமாறும், முதலில் அதைப் புதுப்பித்துவிடுங்கள். மணல், கஞ்சா போன்ற தனிச்சட்ட வழக்குகளில் வழி வேறு. அங்கே உண்மையிலேயே பறிமுதல் வரும், எனவே தாமதிக்காமல் வழக்கறிஞரைப் பார்க்கவேண்டும்.

தொலைந்ததற்கும் களவு போனதற்கும் இடையிலும் இதே எச்சரிக்கை. பேச்சில் ‘போன் மிஸ் ஆயிடுச்சு’ என்று இரண்டுக்கும் சொல்கிறோம். புகாரில் ‘காணவில்லை’ என்று எழுதினால் அது குற்றப் புகார் ஆகாது, மனு ரசீதோடு நின்றுவிடும். சட்டைப்பையிலிருந்து உருவியிருந்தால் ‘திருடிவிட்டார்கள்’ என்றே எழுதவேண்டும், எஃப்.ஐ.ஆர். அதற்குத்தான் வரும், திருட்டுக் காப்பீடும் அதைத்தான் கேட்கும். பத்திரம், சான்றிதழ் தொலைந்தால் நேர்மாறு. அங்கே ‘தொலைந்தது’தான் சரி, ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற காவல்துறைச் சான்றுதான் நகல் வாங்க உதவும். போனுக்குப் புகார் நகலோடு மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணைத் தடைசெய்யலாம். அந்த எண் பெட்டியிலும் பில்லிலும் இருக்கும். போன் திரும்பக் கிடைத்ததும் அதே தளத்தில் தடையை நீக்கவேண்டும், இல்லையென்றால் எந்த சிம்மும் வேலை செய்யாது. போலீஸ் திருடனிடமிருந்து எடுத்ததைத் திருடன் பக்கமிருந்து பார்த்தால் ‘கைப்பற்றுதல்’, பறிகொடுத்தவர் பக்கமிருந்து பார்த்தால் ‘மீட்பு’. ‘செல்போன்கள் மீட்பு, உரியவர்களிடம் ஒப்படைப்பு’ என்ற தலைப்பு மிகச் சரியான தமிழ். வழியில் கண்டெடுத்தவருக்கு அது சொந்தமாகிவிடாது. ஒப்பந்தச் சட்டம் அவரைப் பொருளைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பாளராகவே பார்க்கிறது. பொருளைப் பேணவும் உரியவரைத் தேடவும் ஆன செலவோ, உரியவர் அறிவித்த பரிசோ கைக்கு வரும்வரை பொருளை வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, பணம் வராத சரக்கு. கடைக்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. கடனுக்கு விற்ற ஃபிரிட்ஜ், சிமெண்ட், நூல் மூட்டை எதுவானாலும், சரக்கு இன்னும் உங்கள் கிடங்கில் இருந்து, கடன் கெடு தாண்டியிருந்தாலோ வாங்குபவர் நொடித்துப்போயிருந்தாலோ பணம் வரும்வரை ‘பிடித்துவைக்கலாம்’. லாரியில் போய்க்கொண்டிருக்கும்போது வாங்குபவர் நொடித்துப்போனது தெரிந்தால் ‘வழியில் நிறுத்தலாம்’. இரண்டும் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் விற்பவருக்குத் தரும் உரிமைகள். வாங்கியவர் கைக்குப் போய், உரிமையும் மாறிவிட்டால் கதை முடிந்தது. அதன்பின் அவர் கடையில் புகுந்து மூட்டையைத் தூக்கிவருவதை ‘என் சரக்கை மீட்டேன்’ என்று சொல்ல முடியாது, திருட்டு வழக்கு உங்கள்மேல் வரும். பொருள் அவருடையது, உங்களுக்கு வரவேண்டியது விலை மட்டும். அதற்குரிய சொல் ‘வசூல்’, அதற்குரிய வழி மூன்று ஆண்டுக்குள் பண வழக்கு. முழுப்பணம் வரும்வரை உரிமை விற்பவரிடமே இருக்கும் என்று பில்லிலோ ஒப்பந்தத்திலோ இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதியிருந்தால் மட்டும் நிலை மாறும். அப்போதும் சரக்கை எடுக்க விடவில்லை என்றால், தாக்கல் செய்யவேண்டியது ‘அசையும் பொருளைத் திரும்பப் பெறும் வழக்கு’. மனுவின் தலைப்பில் அதைத்தான் எழுதவேண்டும், ஜப்தி என்று எழுதக்கூடாது.